ஒற்றைமுள் சப்பாத்திக்கள்ளி: அதன் அங்க லட்சணங்கள்

புஞ்சை வரப்புகளிலும், ஏரிக்கரைகளிலும், ஊர்ப் புறம்போக்குகளிலும் நிற்கும் சப்பாத்திக்கள்ளியை அறியாத குடியானவர் எவரும் இரார். ஆயினும் சப்பாத்திக்கள்ளி என்றும் நாகதாளி என்றும் நாம் பொதுவாக வழங்கும் பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஜாதிகள் அடங்கியுள்ளன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றினும், இவற்றை அழிக்கும் பூச்சிகள் ஜாதிக்கு ஜாதி வேறு. ஒரு ஜாதியைத் தின்று தீர்க்கும் பூச்சியை மற்றொன்றின்மேல் விட்டால் அது பட்டினி கிடந்து மடியும். ஆகவே, தம் நிலத்திலுள்ளது எந்த ஜாதி என்று அறியாமல் அதனை ஒழிக்கப் புகுவோர் கூலியையும் காலத்தையும் ஒருங்கே இழப்பர். தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் நாட்டில் வேரூன்றியதும், நம் நாட்டு விவசாய சரித்திரத்தில் தனி இடம் பெற்றதுமான ஒற்றைமுள் கள்ளியின் லட்சணங்களை இங்கு விவரிப்போம்.

தாவர சாஸ்திரிகள் இதனை ஒப்பன்ஷியா மொனகாந்தா என்பர். மொனகாந்தா என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஒற்றை முள்ளுடையது என்பது பொருள். பழைய அறிக்கைகளிலும் தாவர நூல்களிலும் இச்செடி ஒப்பன்ஷியா வல்காரிஸ் என்ற பெயரால் குறிக்கப்பட்டிருக்கும். அப்பெயர் உண்மையில் வட அமெரிக்காவைச் சேர்ந்த வேறொரு கள்ளிக்கு உரியதென்று பிற்காலத்தில் தெளிவாயிற்று. பழைய ஏடுகளைப் புரட்டும் கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விரு பெயரும் நம் நாட்டைப் பொறுத்தமட்டில் ஒரே செடியைக் குறித்தவை என்று கொள்க.

இன்னொரு மயக்கத்தையும் முதலிலேயே நீக்கிவிடுதல் நன்று. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி முதலியன நம் ஊர்களில் நெடுங்காலமாய் வேலிகளில் நிற்பவை. அவற்றைக் கீறினால் வெண்மையான பால் வடியும். அவை ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. சப்பாத்திக்கள்ளியைக் கீறினால் பால் வருவதில்லை; வழவழப்பான, நிறமற்ற சாறே கசியும். அது முற்றிலும் வேறான கள்ளிக் குடும்பம். அக்குடும்பத்துச் செடிகள் அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. மரங்களின்மேல் தொங்கி வளரும் ரிப்ஸாலிஸ் என்னும் ஒரே ஓர் இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகின்றது. ஆதலின் நம் பழைய இலக்கியங்களில் பாலை நிலத்திற்கு உரியதாய்ப் பேசப்படும் கள்ளி, பால் வடியும் கள்ளியேயன்றிச் சப்பாத்திக்கள்ளி அன்று.

ஒற்றைமுள் கள்ளியின் தாயகம் பிரேஸிலின் தென்பகுதி, உருகுவே, பராகுவே, அர்ஜெண்டினாவின் வடகிழக்குப் பகுதி ஆகியவை. அங்கே கடற்கரை மணல்மேடுகளிலும், பாறைச் சரிவுகளிலும், புதர்க்காடுகளின் ஓரங்களிலும் இது வளர்கின்றது. மழை அறவே அற்ற பாலைவனத்துச் செடி என்று இதனை எண்ணலாகாது. நல்ல மழையுள்ள கடலோரத்திலும், நீர் தங்காத மணலிலும் பாறையிலும் வேர்கொண்டு நிற்பதே இதன் இயல்பு. நம் நாட்டில் இது கடலோரத்திலும் வறண்ட உள்நாட்டிலும் ஒருங்கே பிழைத்ததற்கு இதுவே காரணம்.

அங்க லட்சணங்கள்

இச்செடி புதராகவோ சிறு மரமாகவோ வளரும். சாதாரணமாக 6 முதல் 13 அடி உயரம் இருக்கும். சில இடங்களில் அதனினும் உயர்வதுண்டு. முதிர்ந்த செடிக்கு அடிமரம் ஒன்று தெளிவாய் அமைந்திருக்கும். இது கவனிக்கத்தக்க குறி. நம் நாட்டில் மிகுதியாய்ப் பரவிய மற்றோர் ஜாதிக்கு இத்தகைய அடிமரம் அமைவதில்லை. அது தரையிலிருந்தே பல கிளைகளாய்ப் படர்ந்து அடர்ந்த புதராகும்.

சப்பாத்தி போன்ற தட்டையான பச்சை உறுப்புகளைப் பலரும் இலை என்று எண்ணுகின்றனர். அவை இலைகள் அல்ல, தண்டின் கணுத்துண்டுகளே. அவற்றை மடல்கள் என்று இங்கு கூறுவோம். ஒற்றைமுள் கள்ளியின் மடல் 4 முதல் 12 அங்குல நீளமும், 3 முதல் 5 அங்குல அகலமும் உடையது. நுனி உருண்டும், அடி குறுகியும், தலைகீழாகப் பிடித்த முட்டையைத் தட்டையாக்கினாற்போல் இருக்கும். நிறம் பளபளக்கும் பசும்பச்சை. மடல் மெல்லியதாகையால் உச்சியிலுள்ள இளமடல்கள் சற்றே துவண்டு தொங்கும். நுனிப்புறத்தில் விளிம்பு அலைபோல் நெளிந்திருக்கும்.

உண்மையான இலைகளும் உண்டு. இளமடல் தோன்றும்போது அதன்மேல் கூம்பு வடிவமான, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அளவேயுள்ள சிறு பச்சை நுனைகளைக் காணலாம். அவையே இலைகள். மடல் முதிருமுன் அவை உதிர்ந்துவிடும். இலை விட்டால் அதன் வழியே நீர் ஆவியாகப் போகும். ஆதலால் இலையின் தொழிலைத் தண்டே மேற்கொண்டுள்ளது.

ஒவ்வோர் இலைக்கும் கக்கத்தில் ஒரு சிறு மெத்தை போன்ற பாகம் உண்டு. இதனைக் கண் என்று வழங்கலாம். கரும்பின் கண்ணைப் போலவே இதுவும் முளைக்கும் இடமாகும். முள், சுணை, பூ, புது மடல், வேர் யாவும் இக்கண்ணிலிருந்து புறப்படக்கூடும். இளமடலின் ஒரு கண்ணில் ஒரு முள்ளே பெரும்பாலும் இருக்கும். சிற்சில கண்களில் இரண்டோ மூன்றோ காணலாம். முள் ஊசிபோல் நேராகவும், சாம்பல் நிறமாகவும், நுனி மட்டும் கரும்பழுப்பாகவும் இருக்கும். நீளம் அரை அங்குலம் முதல் 2 அங்குலம். ஆனால் அடிமரத்திலோ ஒரு கண்ணில் 12 முட்கள் வரை கூட்டமாய் நிற்கும். பெயரை நம்பி அடிமரத்தைப் பார்ப்பவர் இது வேறு ஜாதி என்று ஏமாறுவர். முள்ளை எண்ணுவதாயின் இளமடலிலேயே எண்ண வேண்டும்.

முள்ளைக் காட்டிலும் தொல்லை தருவது சுணையே. கண்ணைச் சுற்றி மயிர்போல் அடர்ந்திருக்கும் இது, பின்னோக்கிய கொக்கிகளை உடையது. தொட்ட மாத்திரத்தில் கழன்று தோலில் ஏறும். பிடுங்க முயன்றால் ஒடியும். காற்றடிக்கும் வேளையில் செடியை வெட்டுவோரின் கண்ணில் இது விழுந்தால் பெருந்துன்பம் விளையும். கையில் தைத்ததை வாயால் கடித்து எடுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது நாக்கிலும் தொண்டையிலும் தைக்கும் வழியேயாகும்.

பூ, மடலின் விளிம்பில் மலரும். குறுக்களவு 2 முதல் 3 அங்குலம். உள்ளிதழ்கள் ஆழ்ந்த மஞ்சள். வெளியிதழ்களின் நடுவே சிவந்த பட்டை ஒன்று ஓடும். இச்சிவப்புப் பட்டை இந்த ஜாதிக்கு நல்ல அடையாளம். நடுவே எண்ணிறந்த மகரந்தக் கேசரங்கள் உள்ளன. ஒரு துரும்பால் அவற்றைத் தொட்டால் அவை மெல்ல உட்புறமாய்ச் சாய்வதைக் காணலாம். பூவுக்குள் நுழையும் தேனீயின் உடலில் மகரந்தம் நன்கு படிவதற்கு இது உதவுகின்றது.

பழம் தலைகீழ்ப் பேரிக்காய் வடிவினது. 2 முதல் 3 அங்குல நீளம். முதிர்ந்தால் செவ்வூதா நிறம். அதன் மேலும் கண்களும் சுணையும் உண்டு. பழத்தின் மேற்புறம் உண்மையில் தண்டின் பாகமே. சூலகம் தண்டினுள் புதைந்திருக்கின்றது. இதனால் விளையும் அதிசயம் ஒன்றுண்டு. தரையில் விழுந்த பழம், உள்ளிருக்கும் விதையை நம்பாமல், தானே வேர்விட்டுத் தன் கண்களிலிருந்து மடல்களைக் கிளப்பும். முதிராத காயும் அவ்வாறே செய்யும். பழம் உண்ணத்தக்கதே, ஆயினும் சுணையை முற்றும் நீக்காமல் குழந்தைகள் கையில் கொடுக்கலாகாது. பறவைகளும் குரங்குகளும் பழத்தைத் தின்று விதையைத் தூரத்திற்குக் கொண்டு செல்லும்.

நீரின்றிப் பிழைக்கும் விதம்

மடலின் எடையில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு வரை நீரே. அந்நீரைப் பிசின் போன்ற சாறு கெட்டியாய்ப் பிடித்து வைக்கின்றது. மேல்தோல் மெழுகு பூசியது. இவற்றினும் பெரிய ஏற்பாடு சுவாசத்தில் உள்ளது. நெல், சோளம் முதலியன பகலில் தம் இலைத் துவாரங்களைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன. அப்போது நீரும் ஆவியாய்ப் போகின்றது. கள்ளியோ பகலில் துவாரங்களை மூடி, குளிர்ந்த இரவில் திறக்கின்றது. இரவில் ஏற்ற வாயுவைப் புளிப்பான அமிலமாக்கிச் சேமித்து, மறுநாள் பகலில் மூடிய கதவுக்குள்ளே அதனைக்கொண்டு ஆகாரம் சமைக்கின்றது. இதனால் விடியற்காலையில் மடலின் சாறு புளிப்பாகவும், மாலையில் புளிப்புக் குறைந்தும் இருக்கும்.

இவ்வுண்மையின் ஒரு நுனி நம் தென்னாட்டிலேயே பிடிபட்டது. தரங்கம்பாடிக்கு மிஷனைச் சேர்ந்தவராய் வந்து, பின்னர்க் கும்பெனி உத்தியோகத்தில் அமர்ந்த பெஞ்சமின் ஹெய்ன் என்பவர், ரணகள்ளி இலையைக் காலையில் சுவைத்தால் புளிப்பதையும் பகலில் அப்புளிப்பு நீங்குவதையும் கண்டு எழுதினார். அது 1815-இல் லண்டனில் அச்சாயிற்று. கள்ளி மடல் இரவில் காற்றிலிருந்து வாயுவை ஏற்பதை ஸ்விட்ஸர்லாந்து தேசத்து டி ஸோஸ்யூர் 1804-இலேயே குறித்திருந்தார். இரண்டையும் பொருத்திப் பார்க்கச் சாஸ்திரிகளுக்கு நூறு வருஷங்களுக்கு மேலாயிற்று.

குடியானவருக்கு இதனால் பெறப்படுவது யாதெனின், வெட்டிக் குவித்த கள்ளி வெயிலில் செத்துவிடும் என்று நம்பலாகாது என்பதே. வெட்டிய மடல் காயம் ஆறி, மாதக்கணக்கில் உயிருடன் கிடந்து, முதல் மழைக்கு வேர்விடும். வெயிலில் போட்ட குவியலின் மேலடுக்கு வாடினாலும் அடியிலுள்ளவை நிழலில் தழைத்திருக்கும்.

சாயப்பூச்சிக்காக வந்த கதை

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மெக்ஸிகோவை ஆண்ட ஸ்பானியர், கொச்சினீல் என்னும் சிவப்புச் சாயத்தின் வியாபாரத்தைத் தம் கைக்குள்ளேயே வைத்திருந்தனர். அச்சாயம் கள்ளியின்மேல் வாழும் ஒரு சிறு பூச்சியை உலர்த்திப் பெறுவது. அதனைத் தாமும் உற்பத்தி செய்யக் கிழக்கிந்தியக் கும்பெனியார் விரும்பினர். சென்னையில் தலைமை வைத்தியராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இம்முயற்சியில் முன்னின்றார். சைதாப்பேட்டையில் இதற்கென்றே ஒரு கள்ளித் தோட்டம் அமைக்கப்பட்டது. லண்டனை அடுத்த கியூ தோட்டத்திலிருந்தும் செடிகள் வந்தன. செடி கிடைத்தது, பூச்சி கிடைக்கவில்லை.

1795-இல் காப்டன் நீல்ஸன் என்பவர் இந்தியாவுக்கு வரும் வழியில் ரியோ டி ஜனீரோவில் தங்கியபோது, பூச்சி படிந்த கள்ளிகளை எடுத்துக்கொண்டு கல்கத்தா வந்து சேர்ந்தார். சிலவே உயிருடன் எஞ்சியிருந்தன. கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவர் ராக்ஸ்பர்க் அவற்றைப் பெற்று வளர்த்தார். அருமையாய்த் தருவித்த செடிகளில் அப்பூச்சி தழைக்கவில்லை. அதற்கு முன்னமே நாட்டில் வேலியாய்ப் பரவியிருந்த ஒற்றைமுள் கள்ளியில் விட்டபோதோ பெருகிற்று. இரண்டும் ஒரே தாய்நாட்டினவை அல்லவா! பூச்சி சென்னைக்கும் அனுப்பப்பட்டது. ஆயினும் வந்தது மெக்ஸிகோவின் வளர்ப்புப் பூச்சி அன்று; சாயம் குறைந்து மெழுகு மிகுந்த காட்டுப் பூச்சி. வியாபாரம் தோற்றது.

தோற்ற வியாபாரத்திலிருந்து எவரும் எதிர்பாராத லாபம் பிறந்தது. பூச்சி சென்றவிடமெல்லாம் கள்ளிப் புதர்கள் வாடிச் சரிந்தன. இதனைக் கண்டு, வடக்கிலிருந்து அப்பூச்சியை 1836 முதல் 1838 வரையுள்ள வருஷங்களில் தென்னிந்தியாவிற்குக் கள்ளியை ஒழிக்கவென்றே கொணர்ந்தனர். களை ஒன்றை அழிப்பதற்காகப் பூச்சியை வேண்டுமென்றே ஏவிப் பலன் கண்டதில் உலகத்திலேயே முதன்மையானது இது என்று பூச்சி சாஸ்திரிகள் கூறுவர். 1860-ஐ அடுத்த வருஷங்களில் இங்கிருந்து இலங்கைக்கும் அது சென்று அவ்வாறே பலன் தந்தது. அங்குக் கண்டு விவரிக்கப்பட்டமையால் அதன் சாஸ்திரப் பெயர் டாக்டிலோப்பியஸ் சிலோனிகஸ் என்றாயிற்று. பெயரில் சிலோன் இருப்பினும் பூச்சி தென்னமெரிக்காவினது.

ஆஸ்திரேலியாவின் கதை இதனினும் வேடிக்கையானது. 1788-இல் அங்குக் குடியேறச் சென்ற முதற் கப்பல்கள் ரியோ டி ஜனீரோவில் தங்கி, இதே கள்ளியையும் சாயப்பூச்சியையும் ஏற்றிச் சென்றன. பூச்சி மடிந்தது, கள்ளி நிலைத்தது. நூற்றிருபது வருஷங்களுக்கு மேல் கழிந்தபின், அதனை அடக்க இதே பூச்சியை மீண்டும் தருவிக்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவும் 1913-இல் இப்பூச்சியைத் தருவித்து ஒற்றைமுள் கள்ளியை ஒடுக்கிற்று.

இரண்டு கள்ளி, இரண்டு பூச்சி

ஒற்றைமுள் கள்ளி குறைந்த பின்னரும் நம் நாட்டில் சப்பாத்திக்கள்ளியின் தொல்லை தீரவில்லை. அது ஏன் என்று அக்காலத்துக் குடியானவர்கள் வினவியிருப்பர். எஞ்சிநின்றது ஒப்பன்ஷியா டில்லெனியை என்னும் வேறு ஜாதி. முதற் பூச்சி அதனை ஏறிட்டும் பாராது. இதன் மடல் தடித்தும், நீலங்கலந்த பச்சையாகவும் இருக்கும். முள் மஞ்சள் நிறம். தட்டையாய்ச் சற்று வளைந்து, பழுப்பு வரிகள் ஓடியது. ஒரு கண்ணில் பல இருக்கும். சுணையும் மஞ்சளாய்த் திரண்டு தெரியும். பூவிதழில் முன் கூறிய சிவப்புப் பட்டை தெளிவாய் அமைவதில்லை. செடி 6 அடிக்கு மேல் உயர்வது அரிது; அடிமரம் இல்லை. பழைய புறம்போக்குகளைப் பாழாக்கியது பெரும்பாலும் இதுவே.

இதற்குரிய பூச்சி டாக்டிலோப்பியஸ் ஒப்பன்ஷியே. அது 1926-இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவிற்கு வந்தது. சில வருஷங்களுக்குள் ஏராளமான நிலம் மீண்டும் உழவுக்கு உதவிற்று. இப்பூச்சி ஒற்றைமுள் கள்ளியில் தழைப்பதில்லை. இரண்டு பூச்சிகளும் வெறுங்கண்ணுக்கு ஒன்றே: மடலின்மேல் வெண்பஞ்சு அப்பினாற்போன்ற திட்டு, நசுக்கினால் இரத்தம் போன்ற சிவப்பு. பஞ்சுக்குள் அசையாமல் ஒட்டியிருப்பது சிறகற்ற பெண்பூச்சி. முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் மட்டுமே நடந்தும் காற்றில் மிதந்தும் அடுத்த செடியை அடையும். எனவே பூச்சியைப் பார்த்து ஜாதியை நிச்சயிக்க முயலாமல், கள்ளியைப் பார்த்தே நிச்சயிக்க வேண்டும்.

பூச்சியைப் பரப்ப வேண்டுமாயின், அதே ஜாதிக் கள்ளியில் வெண்பஞ்சு நிறைந்த மடல்களை வெட்டி, நல்ல செடியின் நடுப்பாகத்தில் செருகி வைத்தால் போதும். பெருமழை குஞ்சுகளை அடித்துச் செல்லுமாகையால் மழை நின்ற காலமே தக்கது. 1898-இல் காப்பித் தோட்டங்களுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டு கள்ளிப் பூச்சியையும் தின்னும். மாவுப்பூச்சியைத் தின்பதால் தோட்டக்காரருக்கு நண்பனாகிய அவ்வண்டு இங்கே தடையாகின்றது. அது மிகுந்த இடத்தில் பூச்சியை ஒரே இடத்தில் விடாமல், பல இடங்களில் பலமுறை வைத்தல் வேண்டும்.

செடிகள் சிலவே இருக்குமிடத்தில் பூச்சியை எதிர்பார்த்துக் காத்திருத்தல் வேண்டாம். அடிமரத்தோடு தோண்டி, கவையால் எடுத்து, 3 அடிக்குக் குறையாத குழியில் புதைத்தல் நன்று. சுட்டு அழிப்பதாயின் நன்கு உலர்ந்த சுள்ளிகளை இடையிடையே அடுக்க வேண்டும். பச்சைக் கள்ளி தானாக எரியாது. ஓடையிலும் வாய்க்காலிலும் எறிதல் கூடவே கூடாது. ஒரு மடல் மிதந்து சென்று ஒதுங்கும் இடமெல்லாம் புதுப்புதராகும். இந்நாளில் மண்ணள்ளும் இயந்திரங்களைக் கொண்டு புறம்போக்கைத் திருத்துகையில், அவற்றின் பற்களிலும் சக்கரங்களிலும் சிக்கிய துண்டுகள் அடுத்த கிராமத்திற்குப் போவதைக் காண்கிறோம். வேலை முடிந்த இடத்திலேயே இயந்திரத்தைச் சுத்தம் செய்யும்படி கிராம உத்தியோகஸ்தர்கள் கண்டிப்பாய்ச் சொல்லுதல் வேண்டும்.

வறண்ட பிரதேசங்களில் கால்நடைத் தீவனத்திற்காக முள்ளில்லாக் கள்ளியைப் பயிரிடுவோர் இப்போது உளர். அது ஒப்பன்ஷியா பைக்கஸ் இண்டிகா என்னும் மூன்றாவது ஜாதி. மடல் ஒன்றரை அடிக்கு மேலும் நீளும். இதனை ஒற்றைமுள் கள்ளியின் பூச்சி தீண்டாது. டில்லெனியை ஜாதியின் பூச்சியோ இதனையும் தின்னும். மொராக்கோ தேசத்தில் 2014-இல் அப்பூச்சி தோன்றிப் பைக்கஸ் இண்டிகாத் தோட்டங்களைப் பெருமளவில் நாசமாக்கிற்று. எனவே தீவனக் கள்ளி நடுவோர் முதலில் சுற்றுப்புறத்து வேலிகளையும் புறம்போக்கையும் நன்கு பார்வையிட்டு, வெண்பஞ்சு படிந்த டில்லெனியைப் புதர் எதுவும் அருகில் இல்லை என்று உறுதி செய்துகொள்க. நாற்று மடல்களைப் பிற இடத்திலிருந்து வாங்கும்போதும் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, கண்களின் அருகே வெண்திட்டு இருப்பின் நீக்குக.

ஜாதியில் சந்தேகம் உள்ளவர்கள், பூவோ பழமோ உள்ள காலத்தில், இளமடல் ஒன்றையும் அடிமரத்தின் ஒரு துண்டையும் கிடுக்கியால் எடுத்துத் தடித்த காகிதத்தில் சுற்றி, அருகிலுள்ள விவசாய அதிகாரியிடம் காட்டலாம். காட்டிய பின் அத்துண்டுகளை அலுவலகத்துக் கொல்லையில் எறிந்துவிட்டு வராமல் திரும்ப எடுத்துச் சென்று புதைத்தல் வேண்டும்.